மாத்திரைக்கு விலை வைப்பது யார்? – வாசகர் கேள்வி பதில்

மருந்து விலை, மருத்துவமனை பில், காப்பீடு, போட்டிச் சட்டம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். ‘கணக்குக்காக’ என்று சொல்லும் எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே.

ஒரே மருந்தை முப்பது, நாற்பது கம்பெனிகள் தயாரிக்கின்றன. இவ்வளவு போட்டி இருந்தும் விலை ஏன் இறங்குவதில்லை? கல்லூரியில் படித்த பொருளியல் பொய்யா?
– எஸ்.கே., விருதுநகர்

பொய்யில்லை. போட்டி கடுமையாகவே நடக்கிறது. ஆனால் உங்களைக் கவர்வதற்காக நடக்கவில்லை. தக்காளி வாங்கும்போது தேர்ந்தெடுப்பவரும் காசு கொடுப்பவரும் சாப்பிடுபவரும் ஒரே வீட்டார். மருந்தில் தேர்ந்தெடுப்பவர் டாக்டர், சாப்பிடுபவர் நோயாளி, காசு சில சமயம் காப்பீட்டு நிறுவனத்துடையது. ஒரு கம்பெனி விலையை 20 சதவீதம் குறைத்தால் அது சீட்டு எழுதுகிறவர் கண்ணில் படாது. மெடிக்கல் ரெப் வாரம் ஒருமுறை போய் நின்றால் படும். ஆகவே கம்பெனி பணத்தை விலைக் குறைப்பில் போடாமல் ரெப்பின் மேல் போடுகிறது. மருத்துவர்களுக்குப் பரிசுப் பொருளும் பயணச் செலவும் தரக் கூடாது என்று 2024 மார்ச்சில் வந்த சந்தைப்படுத்தல் நெறிமுறை, இந்த இடத்தைத்தான் குறிவைக்கிறது.

மருந்துக் கடைக்காரர் மாற்றிக் கொடுக்கலாமே என்பீர்கள். மருந்து விதிகளில் 65(11ஏ) என்று ஒன்று உண்டு. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற ‘ஷெட்யூல் எச்’ வகை மருந்தைச் சீட்டில் எழுதியிருந்தால், அதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. உள்ளே இருப்பது அதே மூலப்பொருளாக இருந்தாலும் கூடாது. பிராண்ட் பெயரில் எழுதாமல் மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக் பெயரில்) தான் எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. அதே மாதமே நிறுத்தி வைத்தது.

சீட்டு இல்லாமலோ மூலப்பெயரோடோ நீங்கள் கடைக்குப் போனால் தேர்வு கடைக்காரர் கைக்கு மாறுகிறது. அங்கே இன்னொரு விதமான போட்டி. ரெப் இல்லாமல் நேராகக் கடை வழியாகவே விற்கும், ‘டிரேட் ஜெனரிக்’ என்று சொல்லப்படும் சரக்கைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கடைக்கு 20 ரூபாய்க்கு வருகிறது, அட்டையில் எம்.ஆர்.பி. 90 ரூபாய். போட்டிக் கம்பெனிக்காரர் கடையைப் பிடிக்க வேண்டுமென்றால் 18 ரூபாய்க்குக் கொடுத்து, அட்டையில் 100 என்று அச்சிடுவார். கம்பெனிகள் மோத மோத அச்சிட்ட விலை ஏறும். பாடப்புத்தகத்தின் விலைப் போட்டி இங்கே கடைக்காரரின் லாப விகிதத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. உங்கள் வரை வருவதில்லை.

தரத்தைப் பற்றிய பயமும் சேர்ந்துகொள்கிறது. மாத்திரையைப் பார்த்து நல்லது கெட்டது தெரியாத சந்தையில் பெயர் பெற்ற பிராண்டே தரச் சான்றாகிவிடுகிறது. அந்தப் பெயருக்குத் தனியாக விலை கொடுக்கிறோம். உடலில் எளிதில் கரையாத வகை மருந்துகளின் ஜெனரிக்குகளுக்கு, மூல மருந்துக்கு நிகராக உடலில் சேர்கிறதா என்ற சோதனையை 2017-ல் கட்டாயமாக்கியது இதற்காகத்தான். பரிசோதனைக் கூடங்களும் மருந்து ஆய்வாளர்களும் போதிய அளவு இல்லாவிட்டால் ‘ஜெனரிக் வாங்குங்கள்’ என்ற பிரசாரம் எடுபடாது.

நீங்கள் செய்யக்கூடியது: மூலப்பெயரையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். விலையை ஒப்பிடும்போது அட்டை விலையைப் பார்க்காமல் ஒரு மாத்திரைக்கு என்ன என்று பாருங்கள். ஒரு பட்டையில் 10, 14, 15 என்று எண்ணிக்கை மாறும். மில்லிகிராம் ஒன்றாக இருக்க வேண்டும். எஸ்.ஆர்., இ.ஆர். என்று மெதுவாகக் கரையும் வகையைச் சாதாரண வகையோடு ஒப்பிடக் கூடாது. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி) விலை வைக்கும் விதி, முன்னணி மூன்று பிராண்டுகளின் சராசரி விலையில் பாதிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது. வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் ஆகியவற்றில் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் பிராண்டை மாற்றாதீர்கள். அளவில் சிறு வித்தியாசமும் அங்கே தொந்தரவு தரும்.

அரசு உச்ச விலை வைத்திருக்கிறது என்கிறார்கள். அப்படியிருந்தும் 2023-ல் என் அம்மாவின் மாத்திரைகள் ஒரேயடியாக ஏறின. உச்ச விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– ஆர்.எம்., கும்பகோணம்

2013-ம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் உச்ச விலை. 2022 பட்டியலில் 384 மருந்துகள். ஒரு மருந்தின் சந்தையில் 1 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள எல்லா பிராண்டுகளையும் எடுத்து, அவை கடைக்கு விற்கும் விலையின் சராசரியைக் கண்டு, அதன்மேல் கடைக்காரர் லாபம் 16 சதவீதம் சேர்த்தால் உச்ச விலை. ஜி.எஸ்.டி. தனி.

கணக்குக்காக ஐந்து பிராண்டுகள்: 100, 90, 60, 30, 20 ரூபாய். சராசரி 60. 16 சதவீதம் சேர்த்தால் 69 ரூபாய் 60 காசு. மேலே உள்ள இரண்டும் இறங்கியாக வேண்டும். கீழே உள்ளவை ஏறக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சாதாரணச் சராசரி. பாதிச் சந்தையை வைத்திருப்பவருக்கும் 2 சதவீதம் வைத்திருப்பவருக்கும் ஒரே எடை. 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மலிவான சிறு கம்பெனிகள் கணக்கிலேயே வராது. தயாரிப்புச் செலவு 5 ரூபாயா 50 ரூபாயா என்று யாரும் கேட்பதில்லை. 1995 ஆணையில் செலவுக் கணக்கு கேட்டார்கள். கம்பெனி கொடுக்கும் கணக்கை அரசு சரிபார்க்க வேண்டிய கட்டாயம் இருந்தது. புதிய முறையில் அந்தத் தலைவலி போயிற்று. பதிலுக்கு, ஏற்கெனவே உயர்ந்திருந்த சந்தை விலையே நியாய விலை என்ற அங்கீகாரம் பெற்றது.

2023 ஏற்றத்துக்குக் காரணம் மொத்த விலைக் குறியீட்டெண். உச்ச விலை ஆண்டுக்கு ஒருமுறை அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். 2022 ஏப்ரலில் 10.77 சதவீதமும் 2023 ஏப்ரலில் 12.12 சதவீதமும் ஏற்ற அனுமதி கிடைத்தது. 2024-ல் கிடைத்தது 0.00551 சதவீதம். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10 சதவீத ஏற்றம் என்று தனி வரம்பு. ஆக அந்த இரண்டு ஆண்டுகளில் கட்டுப்பாட்டுக்குள் இருந்த மருந்துக்குக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்ததைவிட அதிகமாக ஏற இடம் இருந்தது. எண்ணெய், இரும்பு எல்லாம் கலந்த ஒரு குறியீட்டில் மாத்திரையைக் கட்டிவைத்தால் இப்படித்தான் ஆகும்.

கம்பெனிகள் நழுவும் வழி கூட்டு மருந்து. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் தனித்தனியே பட்டியலில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்த மாத்திரை இல்லை. பட்டியல் மருந்தைத் தயாரிக்கும் கம்பெனி அதை வேறொன்றோடு கலந்தோ, அளவை மாற்றியோ புதிதாகக் கொண்டுவந்தால், அது ‘புதிய மருந்து’. விலைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். ஆணைக்கு முன்பே சந்தையில் இருந்த கூட்டு மருந்துகளுக்கு இது பொருந்தாது. உங்கள் அம்மா சாப்பிடுவது தனி மாத்திரையா, கூட்டா என்று முதலில் பாருங்கள்.

உச்ச விலை மிகவும் தாழ்ந்துவிட்டால் வேறு கேடு. மூலப்பொருள் விலை ஏறும், உச்ச விலை நகராது, தயாரிப்பவர்கள் ஒவ்வொருவராக நிறுத்துவார்கள். பட்டியல் மருந்தை நிறுத்த ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்று விதி இருந்தாலும், நஷ்டத்தில் யாரும் ஓட்ட மாட்டார்கள். அதனால்தான் 2019-ல் 21 மருந்து வகைகளுக்கும், 2024 அக்டோபரில் அட்ரோபின், ஸ்ட்ரெப்டோமைசின், லித்தியம் போன்ற எட்டு மருந்துகளுக்கும் உச்ச விலையை அரசே 50 சதவீதம் உயர்த்தியது. கடையில் கிடைக்காத மருந்துக்குத் தாளில் உள்ள விலை எதுவானால் என்ன!

இதய ஸ்டென்ட்டுக்கு விலை வரம்பு வந்தது. ஆனால் ஆஞ்சியோபிளாஸ்டி பில் அந்த அளவுக்குக் குறையவில்லையே, ஏன்?
– பி.வி., திருச்சி

2017 பிப்ரவரி ஆணைக்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் சராசரி எம்.ஆர்.பி. 1.2 லட்சம் ரூபாயை ஒட்டியும், சாதாரண உலோக ஸ்டென்ட் 45,000-ஐ ஒட்டியும் இருந்தன. ஆணை வைத்த வரம்பு முறையே 29,600, 7,260 ரூபாய். அடுத்த ஆண்டு அது 27,890, 7,660 என்று திருத்தப்பட்டது. இறக்குமதி விலைக்கும் நோயாளி கொடுத்த விலைக்கும் நடுவே யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தேசிய மருந்து விலை ஆணையம் பார்த்தபோது, பெரிய துண்டு மருத்துவமனைகளிடம் இருந்தது. அதிகபட்சம் 654 சதவீதம் வரை.

இனி உங்கள் கேள்வி. நோயாளி ஸ்டென்ட்டைத் தனியாக வாங்குவதில்லை. அறை, கேத் லேப் (ரத்தக் குழாய்ச் சிகிச்சைக் கூடம்), டாக்டர் கட்டணம், பலூன், வழிகாட்டிக் கம்பி, ஸ்டென்ட் எல்லாம் சேர்ந்த ஒரு சேவையை வாங்குகிறார். நெஞ்சு வலியோடு வந்தவர் மொத்த விலை கொஞ்சம் ஏறினால் எழுந்து போய்விட மாட்டார். அப்படிப்பட்ட இடத்தில் மொத்தத் தொகையைத் தீர்மானிப்பது மருத்துவமனையின் சந்தை வலிமை. ஒரு பகுதிக்கு மட்டும் வரம்பு போட்டால், வரம்பில்லாத பகுதிகளுக்கு அது நகர இடம் இருக்கிறது. எவ்வளவு நகரும் என்பது அந்த ஊரில் வேறு கேத் லேப் எத்தனை உண்டு என்பதைப் பொறுத்தது. போட்டி உள்ள நகரத்தில் நோயாளிக்குக் குறையும். ஒரே மையம் உள்ள ஊரில் பில்லின் தலைப்புகள் மாறும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போல் முழுச் சிகிச்சைக்கும் ஒரே தொகை பேசியிருந்தால் கணக்கே வேறு. ஸ்டென்ட் மலிவானால் அந்த மிச்சம் மருத்துவமனைக்கு. அரசு தொகையைத் திருத்தும்போதுதான் பொதுப் பணத்துக்கு வரும். மொத்தத் தொகை முறைக்கும் நோய் உண்டு: நிலையான தொகைக்கு எளிய நோயாளியை எடுத்து, சிக்கலானவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஆசை வரும். நோயின் கடுமைக்கேற்ப தொகையைப் பிரிக்காத வரை அது தீராது.

மற்றொரு குறை, எல்லாத் தலைமுறை மருந்து ஸ்டென்ட்டுகளுக்கும் ஒரே வரம்பு வைத்தது. உயர்ரகம் என்று சொல்லிக்கொண்ட சிலவற்றைத் திரும்பப் பெற நிறுவனங்கள் விண்ணப்பித்தன. அவற்றின் கூடுதல் பலனுக்குப் போதிய சான்று இல்லை என்பது ஆணையத்தின் பதில். சான்று கேட்டது சரி. ஆனால் நாளை உண்மையிலேயே மேலான ஒன்று வந்தால் அதை அடையாளம் காண ஒரு வழி முன்கூட்டியே இருக்க வேண்டும்.

ஆணையில் அதிகம் பேசப்படாத பயனுள்ள வரி ஒன்று: பில்லில் ஸ்டென்ட்டின் விலையைத் தனியாகவும், பிராண்ட், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றோடும் காட்ட வேண்டும். கேட்டு வாங்குங்கள். வரம்பு ஆண்டுதோறும் மாறுவதால், சிகிச்சை நடந்த தேதிக்கான ஆணையைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

உள்நோயாளியாக இருக்கும்போது மருத்துவமனையின் சொந்த மருந்துக் கடையிலேயே வாங்கச் சொல்கிறார்கள். இது போட்டிச் சட்டப்படி குற்றமா?
– ஜே.ஏ., நாகர்கோவில்

நேரடியாக ‘ஆம்’ என்று சொல்லிவிட முடியாது. டெல்லியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை பற்றி 2015-ல் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு புகார் போனது: வெளியே 11.50 ரூபாய்க்குக் கிடைக்கும் அதே கம்பெனி சிரிஞ்சு உள்ளே 19.50 ரூபாய், அதுவும் அச்சிட்ட எம்.ஆர்.பி.யே 19.50. 2018-ல் ஆணையம் இந்த விசாரணையை டெல்லியின் மற்றப் பெரிய மருத்துவமனைகளுக்கும் விரித்தது.

இங்கே சட்டப் பிரிவு 4, அதாவது ஆதிக்க நிலையைத் துஷ்பிரயோகம் செய்தல். முதலில் நிரூபிக்க வேண்டியது ஆதிக்கம். எந்தச் சந்தையில்? ஊரில் பத்து மருத்துவமனைகள் இருந்தால் ஒன்றுக்கு ஆதிக்கம் இல்லை என்பது ஒரு வாதம். சேர்ந்த பிறகு நோயாளி கட்டுண்டவர், மூக்கில் குழாயோடு கடை மாற முடியாது. ஆகவே உள்நோயாளிகளுக்கான மருந்து விற்பனை தனிச் சந்தை, அதில் அந்தக் கடை ஏகபோகம் என்பது எதிர்வாதம். எதிர்வாதம் நிற்க வேண்டுமானால், சேரும்போதே மொத்தச் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்க நோயாளிக்கு முடியாது என்று காட்ட வேண்டும். பிரிண்டர் வாங்குகிறவர் இங்க் விலையை விசாரிக்கலாம். விபத்தில் வந்தவர் சிரிஞ்சு விலையை விசாரிப்பாரா?

டெல்லிப் பகுதியின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை மருந்து விலை ஆணையம் 2018-ல் ஆராய்ந்தது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை இருந்தது. பெரும்பாலும் எம்.ஆர்.பி.யை மீறாமலேயே. மொத்தமாக வாங்கும் மருத்துவமனை அதிக எம்.ஆர்.பி. அச்சிட்ட சரக்கை விரும்பும்; தயாரிப்பவர் அப்படியே அச்சிட்டுக் கொடுப்பார். முதல் பதிலில் சொன்ன அதே இயந்திரம்தான். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாரா என்று மட்டும் பார்க்கும் சட்டத்தால் இதைப் பிடிக்க முடியாது. வணிக லாபத்துக்கே வரம்பு வைக்க வேண்டும். 2019-ல் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு 30 சதவீத வரம்பு வைத்தது இந்த வழி.

உள்கடையில் வாங்கும் கட்டாயத்தை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் பொது உத்தரவு எதுவும் போடவில்லை. கொள்கை வகுப்பதை மாநில அரசுகளிடம் விட்டது. இப்போதைக்கு நடைமுறை: திட்டமிட்ட அறுவை சிகிச்சையானால் சேரும் முன்பே மருந்து, உபகரணப் பட்டியலைக் கேளுங்கள், வெளியில் வாங்கி வரலாமா என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்தால் அதுவே பின்னால் ஆதாரம்.

எங்கள் ஊரில் இரண்டு பெரிய மருத்துவமனைகள் இணையப் போவதாகச் செய்தி. போட்டி ஆணையம் தடுக்காதா?
– வாசகர், சேலம்

அனேகமாக அவர்கள் மேசைக்கே வராது. வாங்கப்படும் நிறுவனத்தின் இந்தியச் சொத்து 450 கோடி ரூபாய்க்கு மிகாமலோ, விற்றுமுதல் 1,250 கோடிக்கு மிகாமலோ இருந்தால் அறிவிக்க வேண்டியதில்லை. இரண்டில் ஒன்று போதும். 2024 செப்டம்பர் முதல், பேரத்தின் மதிப்பு 2,000 கோடியைத் தாண்டினால் இந்த விலக்கு இல்லை. மாவட்டத் தலைநகர மருத்துவமனை ஒன்று இந்த எல்லைகளைத் தொடுவது அரிது. சிமென்ட் ஆலைக்கு இந்த அளவு சரியாக இருக்கலாம். மருத்துவமனையின் சந்தை நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுவதால், தேசிய அளவில் சின்ன நிறுவனம் ஒரு ஊரில் ஏகபோகமாக இருக்க முடியும். இது சட்டத்தின் ஓட்டை என்றே நினைக்கிறோம்.

ஆணையம் பார்த்தால் எப்படிப் பார்க்கும்? முதலில் சந்தையின் எல்லை. ‘இந்த இருவரும் ஒன்றாகி விலையை 5 சதவீதம் ஏற்றினால் எத்தனை பேர் வெளியேறுவார்கள்?’ என்பது அடிப்படைக் கேள்வி. கணக்கு எளிது: விலையேற்றத்தை, விலையேற்றமும் லாப விகிதமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். லாப விகிதம் 40 சதவீதமானால் 5 வகுத்தல் 45, அதாவது 11 சதவீதம். நூற்றில் 11 பேருக்குமேல் வேறிடம் போனால் ஏற்றம் நஷ்டம். குறைவாகப் போனால் லாபம். அடுத்தது செறிவு, அதாவது சந்தை எத்தனை சிலர் கையில் குவிந்திருக்கிறது என்பது. நான்கு மருத்துவமனைகளின் பங்கு 40, 30, 20, 10 என்றால் அவற்றின் வர்க்கங்களின் கூட்டல் 3,000. 30-ம் 20-ம் இணைந்தால் 4,200. அமெரிக்காவின் 2023 வழிகாட்டுதலில் 1,800-க்கு மேலான சந்தையில் 100 கூடினாலே சந்தேகப் பட்டியலில் சேரும். நம் சட்டத்தில் அப்படி எண் வரம்பு கிடையாது.

இதில் வழக்கறிஞர்கள் கிளப்பும் ஒரு புகை: ‘சேலத்திலிருந்து கோவைக்கும் சென்னைக்கும் நோயாளிகள் போகிறார்களே, சந்தை பெரிதுதானே?’ போகிறவர்கள் வசதி உள்ளவர்கள், அல்லது அரிய நோய்க்காரர்கள். பிரசவத்துக்கும் டயாலிசிஸுக்கும் யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். விலை ஏறினால் மாட்டிக்கொள்வது அவர்கள்தான். சிகாகோ அருகே எவன்ஸ்டன் மருத்துவமனை 2000-ல் நடத்திய இணைப்பில் பின்னால் விலை ஏறியதைக் காட்டி, 2007-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அது தவறான இணைப்பு என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஏழு ஆண்டு கலந்து ஓடிய நிர்வாகத்தைப் பிரிக்க முடியவில்லை. காப்பீட்டு நிறுவனங்களோடு விலை பேசத் தனித்தனிக் குழு வைக்கும்படி சொல்லி முடித்தார்கள். முன்பே பார்ப்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது.

மருந்துத் துறையில் நம் ஆணையம் இதை நன்றாகவே செய்திருக்கிறது. சன் ஃபார்மா, ரான்பாக்ஸி இணைப்பில் மொத்த நிறுவனத்தைப் பார்க்காமல் மூலக்கூறு வாரியாகச் சந்தையைப் பிரித்து, 2014 டிசம்பரில் ஏழு தயாரிப்புகளை விற்றுவிடும் நிபந்தனையோடு அனுமதி தந்தது.

புதிதாக ஸ்டாக்கிஸ்ட் (கம்பெனியின் மொத்த விநியோகஸ்தர்) உரிமை எடுக்க விரும்புகிறேன். மருந்து வணிகர் சங்கத்திடம் ‘என்.ஓ.சி.’ (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி வரும்படி கம்பெனி சொல்கிறது. இது சட்டமா?
– மருந்து வணிகர், ஈரோடு

எந்தச் சட்டத்திலும் இல்லை. மருந்து உரிமம் இருந்தால் போதும். அகில இந்திய மருந்து வணிகர் சங்கத்துக்கு எதிரான 2013 பிப்ரவரி உத்தரவில், என்.ஓ.சி. கேட்பது, புது மருந்து அறிமுகத்துக்குச் சங்கத்துக்குப் பணம் கட்டச் செய்வது, லாப விகிதத்தைக் கூடிப் பேசி நிர்ணயிப்பது ஆகியவை, கூடிப் பேசிப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டப் பிரிவு 3-ஐ மீறுவன என்று போட்டி ஆணையம் சொல்லி, 47 லட்ச ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. ஸ்டாக்கிஸ்ட் எண்ணிக்கையைச் சங்கம் கட்டுப்படுத்தினால் கடைகளுக்குக் கிடைக்கும் கடனும் தள்ளுபடியும் சுருங்கும். சிக்கல் என்னவென்றால் இதெல்லாம் வாய்வழியாகவே நடக்கும். நீங்கள் விண்ணப்பித்ததை மின்னஞ்சலில் செய்யுங்கள். மறுப்பையும் மின்னஞ்சலில் கேளுங்கள். விஷயம் நடந்து மூன்று ஆண்டுக்குள் ஆணையத்தை அணுக வேண்டும். 2023 திருத்தத்தில் வந்த வரம்பு இது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இவ்வளவு மலிவாக வாங்குகிறதே. எல்லா மாநிலங்களும் சேர்ந்து ஒரே டெண்டர் விட்டால் இன்னும் குறையாதா?
– டி.எல்., மதுரை

முதல் ஆண்டு குறையலாம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் இந்தக் கழகத்தின் பலம் அளவில் மட்டும் இல்லை. 1994-ல் தொடங்கியபோதே தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டாகப் பிரித்தது. தகுதி பெறாதவரின் விலை உறை திறக்கப்படுவதே இல்லை. கொள்முதல் மூலப்பெயரில். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்துச் சங்கேத எண்ணோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். மருத்துவமனைக்கு ஒதுக்கிய தொகை பாஸ்புக்கில். அதற்குள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். விற்பனையும் பணமும் நிச்சயம் என்பதால் தயாரிப்பவர் குறைத்துக் கேட்கிறார். ரெப் செலவும் இல்லை.

ஒரே வாங்குபவர் என்றால் டெண்டரில் தோற்றவருக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை, ஆலையை மூடுவார். சில சுற்றுகளில் இரண்டு மூன்று பேரே மிஞ்சுவார்கள். பிறகு விலை அவர்கள் கையில். அதனால் குறைந்த விலைக்காரருக்கே முழு ஆர்டரையும் தராமல், அந்த விலைக்கு இசைகிற மற்றவர்களுக்கும் பங்கு பிரிப்பது நல்லது. கட்டுப்படியாகாத விலைக்கு எடுத்தவர் நடு ஆண்டில் கைவிரித்தால், அவசரமாக உள்ளூரில் வாங்கும் விலை எல்லாச் சேமிப்பையும் தின்றுவிடும்.

பேசிவைத்துக்கொண்டு ஏலம் கேட்பதும் நடக்கும், அரசு நிறுவனங்களுக்கிடையிலும்கூட. கேரளத்தின் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டு டெண்டரில் நான்கு பொதுத்துறை காப்பீட்டு நிறுவனங்கள் கூடிப் பேசி விலை கேட்டதாக 2015-ல் போட்டி ஆணையம் 671 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் குற்றம் உறுதியானது. அபராதம் சுமார் 2 கோடியாகச் சுருங்கியது, அந்த வணிகத்தின் விற்றுமுதலை மட்டும் கணக்கில் எடுத்ததால். டெண்டர் பார்க்கும் அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை: பைசா வரை ஒத்துப்போகும் விலைகள், ஒரே எழுத்துப் பிழை இருவர் தாளில் வருவது, தோற்றவரே பின்னால் துணை ஒப்பந்தம் எடுப்பது, மாவட்டம் மாறி மாறி ஒவ்வொருவர் ஜெயிப்பது.

காப்புரிமை உள்ள மருந்துக்குக் கட்டாய உரிமம் ஒரு முறைதான் கொடுத்தார்களாமே?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ஆம். காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் இன்னொருவர் தயாரிக்கத் தரும் அனுமதிதான் கட்டாய உரிமம். 2012 மார்ச்சில் பேயர் கம்பெனியின் சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க இந்தியக் கம்பெனியான நாட்கோவுக்கு அது கிடைத்தது. மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் மருந்து 8,800-க்கு வந்தது. பேயருக்கு 6 சதவீத ராயல்டி, பின்னர் 7. தேர்வுக்குப் பயன்படும் பாடம்: வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த நாட்டில், மேலே உள்ள சிறு கூட்டத்துக்கு மட்டும் உயர் விலைக்கு விற்பதே ஏகபோக நிறுவனத்துக்கு அதிக லாபம் தரலாம். தேவைப்பட்ட நோயாளிகளில் 2 சதவீதத்தினரை ஒட்டியே அந்த மருந்து எட்டியிருந்தது என்பது உரிமம் தந்ததற்கான காரணங்களில் ஒன்று.

நோயாளியும் 20 சதவீதம் கட்டினால்தான் வீண் செலவு குறையும் என்கிறது காப்பீட்டு நிறுவனம். சரியா?
– எம்.என்., சென்னை

பாதி சரி. அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் ஆய்வு நிறுவனம் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு திட்டங்களில் சேர்த்துப் பார்த்தது. முற்றிலும் இலவசமாகப் பெற்றவர்கள், 95 சதவீதம் கைக்காசு கட்டியவர்களைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம் செலவு வைத்தார்கள். ஆனால் காசு கட்டியவர்கள் வீண் சிகிச்சையை மட்டும் விடவில்லை, தேவையானதையும் சேர்த்தே விட்டார்கள். சராசரி உடல்நலத்தில் வித்தியாசம் இல்லை என்றாலும், ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அழுத்த மாத்திரைக்குப் பங்கு கேட்டு மிச்சம் பிடித்தால் பக்கவாதச் செலவு பின்னால் வரும். மேலும் படுக்கையில் சேர்ந்த பிறகு முடிவெடுப்பவர் நோயாளி இல்லை. அங்கே 20 சதவீதப் பங்கு நடத்தையை மாற்றாது, பாரத்தை மட்டும் மாற்றும்.

அதைவிட உங்கள் பாலிசியில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். நாளுக்கு 5,000 வரம்பு. நீங்கள் 8,000 அறையில் நான்கு நாள் இருந்தீர்கள் என்று வைப்போம். வித்தியாசம் 12,000தான் என்று நினைப்பீர்கள். டாக்டர், அறுவை அரங்கம், நர்சிங் முதலியவை 1,20,000 என்றால், அதிலும் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 75,000 மட்டுமே தருவார்கள். மொத்தத்தில் உங்கள் கையிலிருந்து 57,000. மருந்து, உபகரணம், ஸ்டென்ட் போன்ற பொருத்துபொருள், பரிசோதனை ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டு வெட்டக் கூடாது, ஐ.சி.யு. கட்டணத்திலும் கூடாது. வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள்.

கடைக்காரர் உச்ச விலைக்கு மேல் பணம் வாங்கினால் எங்கே புகார்?
– பலர்

மருந்து விலை ஆணையத்தின் ‘ஃபார்மா சஹி தாம்’ செயலியில் பிராண்ட் பெயரைப் போட்டால் விலை தெரியும். புகாருக்கு ‘ஃபார்மா ஜன் சமாதான்’ தளம். பில், அட்டையின் இரு பக்கப் படம், பேட்ச் எண், தயாரித்த தேதி வேண்டும். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டால் வழக்கு நிற்காது. கூடுதலாக வசூலித்த தொகை வட்டியோடு அரசுக் கணக்குக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் பணம் திரும்ப வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.